மொரிஸ் மைனரின் பின்பக்கம் தாழ்ந்தால்

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை வீதிகளிலும் இன்னமும் ஓடும் மொரிஸ் மைனர்கள் பலவற்றுக்கு ஒரே குறைதான். பின்பக்கம் தாழ்ந்திருக்கும், அல்லது ஒரு பக்கம் சரிந்திருக்கும். உடனே ஸ்பிரிங்கில் இன்னொரு தகட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். கார் உயரும், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கும். குறை எங்கே என்று அளந்து பார்க்காமல் தகடு கூட்டாதீர்கள்.

எது எதற்கு?

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் பின் அமைப்பு எளிமையானது. குறுக்கே ஓர் அக்ஸில். காரின் பாரத்தைத் தாங்க, நீளவாக்கில் பக்கத்துக்கு ஒரு தகட்டு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் முன் முனை ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருக்கும். பின் முனை ஷக்கிள் என்ற அசையும் இணைப்பில் ஆடும். பாரம் ஏறி ஸ்பிரிங் நிமிரும்போது அது நீள இடம் வேண்டுமல்லவா? யு போல்ட்டுகள் அக்ஸிலையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கின்றன. உயரத்தைத் தருவது ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். தாழ்ந்த காருக்குப் புது ஷொக் அப்சோபர் போட்டால் காசுதான் வீண்.

முதலில் அளவு

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். இரு பின் டயர்களிலும் காற்று ஒரே அளவாக இருக்கட்டும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். மைனரின் பின் மட்கார்ட் போல்ட்டில் பூட்டுவது. இத்தனை வருடங்களில் எத்தனை தடவை கழற்றிப் பூட்டினார்களோ தெரியாது. ஆகவே அக்ஸிலிலிருந்து அதற்கு நேர் மேலுள்ள பொடித் தளம் வரையும் அளக்க வேண்டும். பெரும்பாலும் சாரதி தனியாகவே ஓட்டும் காரில் வலப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் தளர்ந்திருக்கும்.

சரிவு முன்பக்கத்திலிருந்தும் வரலாம். முன்னால் இருப்பது தகட்டு ஸ்பிரிங் அல்ல, முறுகிப் பாரம் தாங்கும் கம்பியான டோர்ஷன் பார். ஒரு பக்கம் தளர்ந்தால் கார் முழுவதும் சாயும். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன்பக்கத்தை நடுவில் ஜக் கொடுத்துத் தூக்குங்கள். பின்பக்கம் நேரானால் குறை முன்னால். அப்படியே சரிந்திருந்தால் பின்னால். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகக் கூடாது.

கடல் காற்றின் வேலை

ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் அது பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பின் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றித் துருப்பிடிப்பது மைனரின் பழைய நோய். கடலோர வெள்ளவத்தையில் அது இன்னும் வேகமாகப் பரவும். கறுப்புப் பூச்சுக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாகச் சத்தமிடும், தூள் கொட்டும். அங்கே வெல்டிங் வேலை முடியும்வரை புது ஸ்பிரிங் பூட்டிப் பயனில்லை.

ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதைச் சூடாக்கி வளைத்தால் மட்டும் போதாது. முறைப்படி பதம் போடாத தகடு மறுபடி தளரும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடும்போது தகடுகளின் எண்ணிக்கை, தடிப்பு, வளைவு மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்கில் கழிவு எஞ்சின் ஒயில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஸ்பிரிங் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும்.

எப்போது இறுக்குவது?

பலர் பிழை விடும் இடம் இதுதான். கார் உயரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. காரை இறக்கியதும் அது முறுகி, ஓயாமல் இழுபட்டு, சீக்கிரம் கிழிகிறது. உயர அளவும் பொய்யாகிறது. முதலில் போல்ட்டுகளைத் தளர்வாகப் பூட்டுங்கள். சில்லுகளை நிலத்தில் வைத்து, பின்பக்கத்தைச் சில தடவை அமுக்கி விட்டபின் இறுக்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் யு போல்ட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

கார் இன்னும் துள்ளினால் ஷொக் அப்சோபரைப் பாருங்கள். மைனரின் லீவர் வகை ஷொக் அப்சோபரைச் சோதிக்க இணைப்பைக் கழற்றி, லீவரைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். முழுத் தூரமும் ஒரே கனமாக நகர வேண்டும். இடையில் வெறுமையாக விழுந்தால் ஒயில் குறைவு, அல்லது உள்ளே தேய்வு.

எஞ்சின் மாற்றியவர்களுக்கு

1956இல் வந்த மைனர் 1000இன் 948 சீசீ எஞ்சின் தந்தது சுமார் 37 குதிரை வலு. அதற்குப் பதிலாக வலுக்கூடிய ஜப்பானிய எஞ்சின் பூட்டியிருந்தால், கிளட்ச்சை விட்டதும் அக்ஸில் முறுகி ஸ்பிரிங்கை எஸ் வடிவில் வளைக்கும்; சில்லுகள் தடதடவெனத் துள்ளும். அமெரிக்காவின் வலுமிக்க கார்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 1967 கமாரோவில் ஒற்றைத் தகட்டு ஸ்பிரிங். அடுத்த வருடமே வலுக்கூடிய ரகங்களுக்குப் பல தகட்டு ஸ்பிரிங் கொடுத்து, ஷொக் அப்சோபர்களில் ஒன்றை அக்ஸிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்தார்கள். மைனருக்கு அக்ஸிலிலிருந்து முன்னோக்கிப் பொடியுடன் இணையும் தண்டு பக்கத்துக்கு ஒன்று போதும். அதன் நீளம் ஸ்பிரிங்கின் முன் பாதியோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

வேலை முடிந்ததும் அதே தரையில், டயர்களில் அதே அளவு காற்றோடு மறுபடி அளந்து முதல் அளவோடு ஒப்பிடுங்கள். இரு பக்க வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றருக்குள் வந்துவிட்டால், ஒரு தகடும் கூட்டாமலே உங்கள் கார் நிமிர்ந்துவிட்டது.