ஜம்பியாவின் பிடி

யேமன் ஆணின் இடுப்பில் ஜம்பியா நட்டுக்குத்தலாக நிற்கும். வளைந்த குறுவாள், பூவேலை செய்த அகலமான பெல்ட், வயிற்றுக்கு நேரே மேலெழும்பும் பிடி. ஊர் முதலில் பார்ப்பது அந்தப் பிடியைத்தான். இரண்டு குலங்களுக்குள் தகராறு வந்தால், சமரசம் பேசுகிறவரிடம் ஜம்பியாவைக் கழற்றிக் கொடுப்பது வாக்குக் கொடுத்ததற்குச் சமம். அதனால் சனா நகரக் கடைவீதியில் அது வெறும் ஆயுதமாக விற்கப்பட்டதே இல்லை. அணிந்தவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் பொருள் அது.

இமாம்கள் ஆண்ட காலத்தில், அதாவது 1962 வரை, காண்டாமிருகக் கொம்பில் செய்த பிடி பெரிய வீட்டு விவகாரம். ஆளும் குடும்பம், நீதிபதிகள், பெருவணிகர்கள் ஆகியோரின் இடுப்பில் அது இருந்தது. மற்றவர்கள் மாட்டுக்கொம்போடும் மரத்தோடும் திருப்தி அடைந்தார்கள். காண்டாமிருகக் கொம்பு கை பட்டுப் பட்டு, வருடம் ஏற ஏற மெருகேறி, வெளிச்சத்தில் தேன் நிறம் காட்டும். பழசுக்குத்தான் விலை அதிகம். தாத்தாவின் பிடி அப்பாவுக்கு, அப்பாவின் பிடி மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தவரை புதிய கொம்புக்கு அவ்வளவு தேவையும் இருக்கவில்லை.

1970-களில் சவூதியின் எண்ணெய்ப் பணம் இந்தக் கணக்கைக் கலைத்தது. வட யேமனின் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டிக் கூலி வேலைக்குப் போனார்கள். கை நிறையச் சம்பாதித்துத் திரும்பினார்கள். இமாமும் இல்லை, பழைய கட்டுப்பாடும் இல்லை. பிறப்பால் மட்டுமே கிடைத்த மரியாதையை இப்போது கடையில் காசு கொடுத்து வாங்கலாம் என்றானது. 1969 முதல் 1977 வரை அந்தச் சிறு நாடு இறக்குமதி செய்த கொம்பு 22 டன்னுக்கு மேல். ஏறக்குறைய 8,000 விலங்குகளின் கொம்பு அது. செதுக்கும்போது உதிர்ந்த சீவலைக்கூட வியாபாரிகள் வீணாக்கவில்லை. சீன மருந்துக்கென்று விற்றுக் காசாக்கினார்கள். ஆப்பிரிக்காவில் 1970-இல் சுமார் 65,000 கருப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1995-இல் எஞ்சியவை 2,400 சொச்சம். எல்லாப் பழியும் யேமனுக்கு உரியதல்ல. கிழக்காசிய மருந்துக் கடைகளுக்கும் பெரும் பங்குண்டு.

1982-இல் வட யேமன் கொம்பு இறக்குமதியைத் தடை செய்தது. தடை காகிதத்தில் இருந்தது, கொம்பு கடத்தலில் வந்தது. வாங்க ஆள் இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும்.

இந்த இடத்தில்தான் எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டின் வருகிறார். அமெரிக்காவில் பிறந்து கென்யாவில் வாழ்ந்த புவியியலாளர். அரபிக்கடல் பாய்மரக் கப்பல் வணிகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். சனாவின் பட்டறைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். கைவினைஞர்களோடு உட்கார்ந்து விலை விசாரித்தார், எந்தக் கொம்பு எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டார். கத்தியைக் கழற்று என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிடியை மாற்றலாமே என்றார். மாற்றுப் பொருளும் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. இந்தியாவிலிருந்து போன எருமைக் கொம்பு! நம்மூரில் யாரும் திரும்பிப் பார்க்காத எருமை, சனாவின் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையின் இடுப்பேறியது. 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் தலைமை முஃப்தியும், கத்திப் பிடிக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்வது இறைவனின் விருப்பத்துக்கு எதிரானது என்று ஃபத்வா வழங்கினார். வெளிநாட்டார் நூறு துண்டறிக்கை அச்சிட்டிருந்தாலும் இதற்கு ஈடாகாது.

ஆனாலும் கைதட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990-இல் குவைத் விவகாரத்தில் யேமன் எடுத்த நிலைப்பாட்டுக்குப் பதிலடியாகச் சவூதி தன் மண்ணிலிருந்த யேமனியர்களின் சலுகைகளைப் பறித்தது. சுமார் 8 லட்சம் பேர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். கொம்பு விலை ஏறிய நேரத்தில் வாங்குகிறவன் கையில் காசில்லை. பிரசாரத்தின் வெற்றி என்று பலர் எழுதியதில் பாதிக்கு மேல் வறுமையின் வேலை என்பது என் கணிப்பு. காசுள்ள சிலர் ஆசையை விடவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் 2003 வாக்கில் முப்பது வட வெள்ளைக் காண்டாமிருகங்கள் இருந்தன. மூன்றே ஆண்டுகளில் நான்குக்குச் சுருங்கின. அங்கிருந்து கொம்பு யேமனை நோக்கிப் போனதை மார்ட்டினும் அவரோடு ஆய்வு செய்த லூசி விக்னேயும் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அந்த இனத்தில் உயிரோடு இருப்பவை கென்யாவின் ஓல் பெஜேட்டா காப்பகத்தில் உள்ள இரண்டு பெண் விலங்குகள் மட்டுமே.

இன்றைய யேமன் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போரில் கிடக்கிறது. ஜம்பியா மறையவில்லை. எருமைக் கொம்பு, மாட்டுக்கொம்பு, மரம், பிளாஸ்டிக் என்று விதவிதமான பிடிகளோடு விற்கிறது. எருமைக் கொம்புப் பிடியோடு கல்யாணத்துக்குப் போகிறவனை இன்று யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. சட்டத்தால் வராத மாற்றம் இதுதான். பழைய காண்டாமிருகப் பிடிகளும் வீடுகளில் பத்திரமாக இருக்கின்றன. பழசுக்கு மதிப்பு அதிகம் என்ற நம்பிக்கையே புதிய கொம்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது.

சந்தை அதற்குள் வியட்நாமுக்கு இடம் மாறிவிட்டது. அங்கும் திடீர்ப் பணம், அங்கும் கௌரவம். கொம்பைத் தண்ணீர் விட்டு அரைத்து விருந்தில் பரிமாறுகிறார்கள், மேலதிகாரிக்குப் பரிசளிக்கிறார்கள். அந்நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2010-இல் காட் தியென் தேசியப் பூங்காவில் சுடப்பட்டுக் கிடந்தது. இந்தச் சந்தைக்குக் கொம்பு போகும் தென்னாப்பிரிக்காவில் 2007-இல் 13 காண்டாமிருகங்கள் வேட்டையாடப்பட்டன, 2014-இல் 1,215, 2024-இல் 420. 2018 முதல் வியட்நாமில் கொம்பு விற்கும் குற்றத்துக்கு 15 ஆண்டுவரை சிறை உண்டு.

கொம்பும் நம் நகமும் ஒரே பொருளால் ஆனவை, அதில் மருந்து எதுவும் இல்லை என்று அங்கே விளம்பரம் செய்கிறார்கள். உண்மைதான். ஆனால் மேலதிகாரிக்குக் கொம்பு பரிசளிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றிய கவலையே கிடையாது. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் தன் தகுதியைக் காட்ட அவனுக்கு ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான். பிரசாரம் செய்கிறவர்கள் நகத்தை விட்டுவிட்டு அந்த விருந்து மேசையைக் கவனிக்கட்டும். கொம்புக்குப் பதில் அங்கே எதை வைத்தால் மரியாதை குறையாது என்று சனாவின் பட்டறைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.