வளர்ப்பு மீன்களுக்குக் காணும் தோல் புண் வியாதி

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கும் காலத்தில், மீன் வளர்க்கும் குடியானவர்கள் தங்கள் குட்டையை நாள்தோறும் ஒருமுறையேனும் சுற்றிப் பார்த்து வருதல் அவசியம். பல மாதம் தீனியிட்டு வளர்த்த மீன்கள், பிடிக்கும் தறுவாயில் உடலெங்கும் புண்ணாகி மடிந்து போவது பெரும்பாலும் இக்காலத்தில்தான்.

வியாதியின் அறிகுறிகள்

வியாதி கண்ட மீன் தீனி எடுப்பதைக் குறைத்து, கரையோரமாக ஜலமட்டத்தில் சோர்ந்து மிதக்கும். பிடித்துப் பார்த்தால் தோலில் சிறு சிவந்த புள்ளிகள் தெரியும். நாளடைவில் அவ்விடத்துச் செதிள்கள் உதிர்ந்து, தசை வரையில் அரித்த ஆழ்ந்த புண் உண்டாகும். விரால் மீனை இவ்வியாதி எளிதில் பற்றும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் இதற்குத் தப்புவதில்லை.

மீன்கள் துள்ளிக்கொண்டும், கல்லிலும் கழியிலும் உடலை உராய்ந்துகொண்டும் இருந்தால், அது மீன் பேனாக இருக்கலாம். தட்டையாகவும் வட்டமாகவும் உள்ள இப்பூச்சி மீனின் தோலில் ஒட்டியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். இது கெட்டியான பொருள்களின்மேல் முட்டையிடும். ஆகையால் குட்டையில் மூங்கில் கழிகளை நட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்கு காய வைத்தால் முட்டைகள் அழியும்.

காரணம்

புண் வியாதிக்கு மூலகாரணம், அபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்னும் பூஞ்சணம் போன்றதோர் நுண்ணுயிர். 1971-ல் ஜப்பானிலும், 1972-ல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்ட இவ்வியாதி, 1988-ல் இந்தியாவிற்குள் பரவிற்று. மழை வெள்ளத்தால் ஜலத்தின் சுண்ணாம்புச் சத்துக் குறைகிறது; குளிரால் மீனின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. இவ்விரண்டும் சேரும் சமயத்தில் வியாதி வேரூன்றுகிறது.

சிகிச்சை

புண் கண்டவுடன் தீனியையும் எருவையும் நிறுத்த வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ சுண்ணாம்பை நீற்றி, ஆறிய பின் ஜலத்தில் கரைத்து, காலை வேளையில் குட்டை முழுவதும் பரவலாகத் தெளிக்க வேண்டும். நீற்றும்போது முகத்திலும் கையிலும் தெறிக்காதபடி ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுபிடித்த 'சிபாக்ஸ்' என்னும் மருந்தையும் உபயோகிக்கலாம். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குட்டைக்கு ஒரு லிட்டர் என்பது அளவு.

மடிந்த மீன்களை ஜலத்திலேயே விட்டுவிடாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும்.

செய்யத்தகாதது

புண்ணைக் கண்டு பதறிய ஒரு குடியானவர், பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குட்டையில் ஊற்றிவிட்டார். வியாதியால் மடிந்தவை சில. மருந்தால் மடிந்தவை எஞ்சிய அனைத்தும். யான் சென்று பார்க்கையில் செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. அவர் ஒரு நாள் பொறுத்துச் சொல்லியனுப்பியிருந்தால் பெரும்பகுதி மீன்கள் தப்பியிருக்கக்கூடும்.

தடுக்கும் முறை

மழை வெள்ளம் குட்டைக்குள் புகாதபடி கரையை உயர்த்துக. வெளி மீன்கள் நுழையாதபடி மடைவாயில் வலை கட்டுக. அயலார் வலையை வெயிலில் உலர்த்தாமல் உபயோகிக்கலாகாது. குஞ்சுகளை விடுமுன், 10 லிட்டர் ஜலத்தில் 300 கிராம் உப்புக் கரைத்து, அதில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்தெடுக்க வேண்டும். அவை புரளத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும். பனிக்காலத்திற்கு முன்பே சுண்ணாம்பு இட்டு வருதல் நலம். வந்த பின் மருந்து தேடுவதைக் காட்டிலும் இதற்குச் செலவு சொற்பமே.