மாக் மண்டினிலிருந்து – 9: இரண்டரை மணி நேரக் கடன்

எதிர்வீட்டுப் பெரியம்மா சென்னைக்கு எடுத்த விமானச் சீட்டை என்னிடம் நீட்டினார். "போறதுக்கு ஒன்றரை மணி நேரம், வர்றதுக்கு ஆறு மணி நேரம்னு கணக்கு வருதே தம்பி, வர்ற வழி சுத்தா?"

வழி ஒன்றுதான். ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி சீட்டில் இருக்கின்றன. நம் மலேசியக் கடிகாரம் சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது அது நமக்குக் கடன் தருகிறது, திரும்பும்போது பிடித்துக்கொள்கிறது. 1982 பிறப்பதற்கு முன் கடன் இரண்டு மணி நேரம்தான். அந்த ஜனவரி முதல் தேதி நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள்.

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். சுமத்ராவின் வடமுனைக்கு வடக்கே, நிக்கோபார் தீவுகளை ஒட்டி, பிறகு வங்கக் கடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். சென்னைக்குப் போகிறவரை முதுகில் தள்ளும், திரும்புகிறவரை எதிர்த்து நிற்கும். 2024 டிசம்பர் 21 அன்று இண்டிகோ நேரடி விமானம் விட்டது. அதற்கு முன் நம்மவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர் போய் மாறினார்கள். வடமேற்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே 325 கிலோமீட்டர் பறப்பார். மொத்தத்தில் அறுநூறு கிலோமீட்டர் கூடுதல், நடுவில் காத்திருப்பு வேறு.

வேடிக்கை என்னவென்றால், நாம் குடியிருக்கும் மாக் மண்டினுக்குப் பக்கத்திலேயே, பட்டர்வொர்த்தில் நீளமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. விமானப் படையின் தளம் அது. ஆஸ்திரேலியர்கள் 1988இல் மலேசியாவிடம் ஒப்படைத்தது. அங்கே போர் விமானங்கள் எழும்பும் இரைச்சல் நம் வீட்டுக் கூரைக்கு, சென்னை விமானம் கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில். காகம் பறந்தால் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. காரில் பிறை, பாலம், தீவின் நெரிசல். வெள்ளிக்கிழமை மாலையென்றால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

பெரியம்மாவின் அப்பா இதே கடலை 'ராஜுலா' கப்பலில் கடந்து வந்தவர். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம் தொட்டுப் பினாங்கு வர ஐந்தாறு நாள் ஆகும். இறங்கியதும் ஊருக்குள் விடவில்லை. ஜெரெஜாக் தீவில் தடுப்பு முகாம். நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தோட்ட வேலை.

"அந்தத் தீவு எங்கே இருக்கு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"பாலத்துல போறப்ப இடது பக்கம் பாரு," என்றார். "ஏர்போர்ட் போற வழிதானே."