நகல் இயந்திரத்தை எங்கே வாங்குவது?

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் உலர் நகலுக்கும், நம் தெருமுனை ஜெராக்ஸுக்கும் அடிப்படை ஒன்றே: நிலைமின்சாரம். மின்னூட்டமுள்ள உருளையில் டோனர் எனும் மைத்தூள் ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பதிகிறது. தாளில் ஈரமேறினால் மின்னூட்டம் கசியும். எழுத்து மங்கும், தாள் சிக்கும். கடலோரத் திருவொற்றியூரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், கேட்கவா வேண்டும்!

நான் மாலையில் வேலை பார்க்கும் கடையின் முதலாளி அண்ணன், புதிய இயந்திரம் ஆன்லைனில் மலிவு என்கிறார். உண்மைதான். ஆனால் அந்த விலை முதல் நாள் செலவு மட்டுமே அன்றோ? டோனரும் டிரம்மும் தீர்வதற்குள் எத்தனை நகல் வரும் என்று வகுத்துப் பார்த்தால்தான் ஒரு நகலின் அசல் செலவு தெரியும். பழுதானால் மெக்கானிக் எப்போது வருவார்? துறைமுகம் செல்லும் லாரி ஓட்டுநர் காகிதத்தோடு காத்து நிற்பார். இயந்திரம் ஓடாத நாளில் எனக்குக் கூலியில்லை. என் தேர்வுக் கட்டணமே அந்தக் கூலிதான்.

நாளைக்குப் பத்து நகல் எடுக்கும் அலுவலகம் தாராளமாக ஆன்லைனில் வாங்கலாம். எங்கள் கடைக்கோ, உதிரிபாகம் கையிருப்பில் வைத்திருக்கும் உள்ளூர் வியாபாரியிடம், ஆண்டுப் பராமரிப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுப்பதே மேல் என்றேன். அண்ணன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.