நடக்காத போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு போட்டி நடக்கவே இல்லை. ஆனாலும் அதில் யார் வென்றிருப்பார்கள் என்று பலர் கணக்குப் போட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறதல்லவா? இதற்குள் நல்ல கணிதமும் கொஞ்சம் பௌதிகமும் இருப்பதால், நாமும் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 1985-இல் 64 அணிகளாயின. 2011-இல் 68 ஆயின. தோற்றவர் வெளியேறும் முறை. 2020-ஆம் ஆண்டுப் போட்டிக்கான அணிகளை மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு முன்பு, மார்ச் 12-ஆம் தேதி, கொரோனாத் தொற்றின் காரணமாகப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். தேர்வுக் குழு ஒரு பட்டியலும் வெளியிடவில்லை. ஆகவே பாவனைப் போட்டி நடத்த விரும்பியவர்களுக்கு முதல் தொல்லை, யார் வெல்வார் என்பதன்று; யார் ஆடுவார் என்பதே!

முதலில் உண்மையான தேர்வு எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். அந்த ஆண்டில் முதல் பிரிவில் ஏறத்தாழ 350 கல்லூரி அணிகள் இருந்தன. அவை 32 கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடின. ஒவ்வொரு கூட்டமைப்பிலும் வெல்லும் அணிக்கு ஓர் இடம் தானாகக் கிடைத்துவிடும். மீதமுள்ள 36 இடங்களுக்குத் தேர்வுக் குழுவினர் அணிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். சிக்கல் இந்த 36-இல்தான். 350 அணிகளும் ஒன்றோடொன்று ஆடுவதில்லை. ஓர் அணி ஒரு பருவத்தில் முப்பது ஆட்டங்களை ஒட்டியே ஆடுகிறது. நோஞ்சான்களோடு ஆடி 25 வெற்றி பெற்றவரும், பயில்வான்களோடு ஆடி 18 வெற்றி பெற்றவரும் எதிரே வந்து நின்றால் யாரை எடுப்பீர்கள்?

1981 முதல் இதற்கு ஓர் எளிய சூத்திரம் பயன்பட்டது. அணியின் வெற்றி வீதத்தில் கால் பங்கு, அதன் எதிரணிகளின் வெற்றி வீதத்தில் அரைப் பங்கு, அந்த எதிரணிகளுடைய எதிரணிகளின் வெற்றி வீதத்தில் கால் பங்கு. மூன்றையும் கூட்ட வேண்டும். ஓர் அணி 25 ஆட்டங்களில் 20 வென்றது, அதாவது 0.8, எதிரணிகளின் வீதம் 0.4, மூன்றாவது எண் 0.5 என்று கொள்வோம். விடை 0.525. இன்னோர் அணி 25-இல் 15 மட்டுமே வென்றது, அதாவது 0.6, ஆனால் எதிரணிகளின் வீதமும் 0.6, மூன்றாவது எண் அதே 0.5. விடை 0.575. குறைவாக வென்ற அணியே மேலே நிற்கிறது!

இதில் ஒரு குறையை நீங்களே கண்டிருப்பீர்கள். மதிப்பெண்ணில் முக்கால் பங்கு பிறருடைய ஆட்டத்தைப் பொறுத்தது. வலிய அணிகள் சிறு கல்லூரிகளோடு ஆட மறுத்தால், சிறு கல்லூரி எத்தனை வென்றாலும் ஏற முடியாது. 2018-இல் இச்சூத்திரத்தைக் கைவிட்டு, எங்கே ஆடினார்கள், பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பனவற்றையும் சேர்த்த புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். சொந்த ஊரில் 30-க்குள் இருக்கும் அணியை வெல்வதும், வெளியூர் சென்று 75-க்குள் இருக்கும் அணியை வெல்வதும் ஒரே தரத்து வெற்றியாக எண்ணப்பட்டன.

இனி நம் பாவனைக்கு வருவோம். 2020 மார்ச் 12 அன்று பல கூட்டமைப்புகளின் போட்டிகள் பாதியில் நின்றன. அவற்றின் வெற்றியாளர் யார்? இரண்டு வழிகள் உண்டு. பருவம் முழுவதும் ஆடியதில் முதலிடத்தில் இருந்த அணியை எடுத்துக்கொள்ளலாம். ஐவி கூட்டமைப்பு உண்மையிலேயே இப்படித்தான் செய்தது. தன் போட்டியை மார்ச் 10-ஆம் தேதியே நிறுத்திவிட்டு, முதலிடத்தில் இருந்த யேல் பல்கலைக்கழகத்துக்கு இடத்தைக் கொடுத்தது. மற்றொரு வழி, நின்றுபோன அந்தப் போட்டிகளையும் கணிப்பொறிக்குள் ஆடிப் பார்ப்பது.

இரண்டாவது வழியே சரி என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன். வலுவான ஒரு கூட்டமைப்பில் எதிர்பாராத ஓர் அணி வென்றுவிட்டால், அதற்குத் தானாக ஓர் இடம். அங்கே முதலிடத்தில் இருந்த நல்ல அணி 36 இடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அப்போது எங்கோ வேறு மாநிலத்தில், கரையோரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஓர் அணி வெளியே தள்ளப்படும். அதாவது ஓர் அணி தேர்வாகுமா என்பது அது ஆடாத ஆட்டங்களையும் பொறுத்தது. முதல் வழி இந்த நிச்சயமின்மையை முழுவதும் துடைத்துவிடுகிறது. கணக்கு சுலபமாகிறது, ஆனால் பொய்யாகிறது.

சரி, குழுவின் வேலையைக் கணிப்பொறி எப்படிச் செய்யும்? முந்தைய ஆண்டுகளில் குழு எவ்வெவற்றுக்கு எவ்வளவு எடை கொடுத்தது என்று பார்த்து, அதே எடைகளை ஒரு விதியாக அமைக்கலாம். குழுவுக்கு ஓரவஞ்சனை இருந்திருந்தால் கணிப்பொறியும் அதைப் பத்திரமாகக் கற்றுக்கொள்ளும் என்பதை மறக்கக்கூடாது. மேலும், தேர்வுக்கான அளவுகோல் வேறு, ஆரூடத்துக்கான அளவுகோல் வேறு. 2020-இல் குழுவின் அளவுகோலில் 10 புள்ளிக்கு மேற்பட்ட வெற்றி வித்தியாசம் எண்ணப்படவில்லை. எளியவரை நசுக்கி மதிப்பெண் தேடக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் அடுத்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்று கேட்டால், 30 புள்ளியில் வென்றதும் 10 புள்ளியில் வென்றதும் ஒன்றல்லவே! ஆகவே தேர்வுக்கு ஒரு மதிப்பெண், ஆட்டத்துக்கு வேறொரு மதிப்பெண் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்டத்தை ஆடுவது எப்படி? பில் ஜேம்ஸ் என்பவர் பேஸ்பால் ஆட்டத்துக்காக 1981-இல் தந்த ஒரு வழி இங்கும் உதவும். சராசரி அணியோடு ஆடினால் அ அணி பத்தில் 9 முறை வெல்லும். ஆ அணி பத்தில் 8 முறை வெல்லும். முதலாவதன் வெற்றி தோல்வி விகிதம் 9-க்கு 1. இரண்டாவதற்கு 4-க்கு 1. இரண்டும் மோதினால் 9-க்கு 4. அதாவது அ அணி வெல்லும் நிகழ்தகவு 9/13, ஏறத்தாழ 0.69. கணிப்பொறி இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு பாத்திரத்தில் அ என்று எழுதிய 9 சீட்டுகளும் ஆ என்று எழுதிய 4 சீட்டுகளும் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். ஓர் ஆட்டம் முடிந்தது!

ஒருமுறை ஆடினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வகுப்பில் கதிரியக்கம் நடத்தும்போது நான் சொல்வது இதுதான்: ஓர் அணுக்கரு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கோடிக்கணக்கான கருக்களில் பாதி எப்போது சிதையும் என்று துல்லியமாகச் சொல்லலாம். பாவனைப் போட்டியையும் அவ்வாறே பத்தாயிரம் முறை நடத்த வேண்டும். நூறு முறை நடத்தினால் விடையில் ஏறத்தாழ 4 சதவீதப் பிழை வரக்கூடும். பத்தாயிரம் முறை நடத்தினால் அது 0.4 சதவீதமாகக் குறையும். முறைகளை நூறு மடங்காக்கினால் பிழை பத்தில் ஒன்றாகிறது. இதற்கு மாண்டி கார்லோ முறை என்று பெயர். 1946-இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர், தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது தோன்றிய எண்ணம் இது. அடுத்து அது புகுந்த இடம் அணு ஆராய்ச்சிக்கூடம்.

எல்லா வகை முடிவுகளையும் எழுதிப் பார்த்துவிடலாமே என்று கேட்காதீர்கள். 64 அணிகளுக்கு 63 ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவுகள். இரண்டை 63 முறை பெருக்க வேண்டும். சதுரங்கப் பலகையில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணி வைக்கச் சொன்ன கதை நினைவிருக்கிறதா? அதன் 64-ஆவது கட்டத்தில் மட்டும் வைக்க வேண்டிய மணிகளின் எண்ணிக்கைதான் இது!

இன்னொன்றும் கவனியுங்கள். கோப்பையை வெல்ல ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து வெல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 0.8 நிகழ்தகவுள்ள பலசாலி அணிக்கும், ஆறையும் வெல்லும் வாய்ப்பு 0.26-தான். 1985 முதல் 2017 வரை, முதல் தரவரிசை அணிகள் பதினாறாம் தரவரிசை அணிகளோடு ஆடிய 132 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. அதற்காக அந்த நிகழ்தகவைச் சுழி என்று எழுதியவர்கள் ஏமாந்தார்கள். 2018-இல் மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டி அணி வர்ஜீனியாவை 74–54 என்று வீழ்த்தியது.

2020 பட்டியலில் கரையோரத்தை ஒட்டி நின்றவற்றுள் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் அணியும் ஒன்று. அது 1991-க்குப் பிறகு இப்போட்டிக்குத் தேர்வானதே இல்லை. அந்தப் பருவத்தில் 20 வெற்றி, 11 தோல்வி. சொந்த அரங்கில் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி! அப்படியானால் வெளியே 2 வெற்றி, 10 தோல்வி. எந்த எண்ணை நம்புவீர்கள்? தேசியப் போட்டியில் சொந்த அரங்கு கிடையாது. ஆகவே பாத்திரத்துக்குள் எத்தனை சீட்டு போடுவது என்பது இந்த ஒரு முடிவைப் பொறுத்தது. பெரும்பாலான கணிப்பாளர்கள் ரட்கர்ஸை உள்ளே சேர்த்தார்கள்.

வசந்தகால விளையாட்டுகளின் மாணவர்களுக்கு அந்த ஆண்டு இன்னொரு பருவம் ஆட அனுமதி கிடைத்தது. கூடைப்பந்து குளிர்கால விளையாட்டு. இறுதியாண்டு மாணவர்களுக்கு அச்சலுகை இல்லை. 2021 மார்ச்சில் ரட்கர்ஸ் அணி மெய்யாகவே தேர்வாகி, முதல் ஆட்டத்தில் கிளெம்சனை 60–56 என்று வென்றது. முந்தைய ஆண்டின் இறுதியாண்டு மாணவர்கள் அப்போது கல்லூரியை விட்டுப் போயிருந்தார்கள்.