புகையை அளந்து பெட்ரோல் கணக்கு

"இந்தக் கார் லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" கார் வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். டாங்கியில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, அது தீரும்வரை ஓட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடுமே என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் காற்றின் திசை, சாலையின் ஏற்ற இறக்கம், ஓட்டுபவரின் பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப அந்த விடை நாளுக்கு நாள் மாறும். கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை வேண்டும். அந்தச் சோதனையில் ஒரு வியப்பு உண்டு. அங்கே பெட்ரோலை அளப்பதில்லை, புகையை அளக்கிறார்கள்!

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் '500 ஹைபிரிட்' என்னும் சிறிய காரை வெளியிட்டது. அதில் 70 குதிரைத் திறன் கொண்ட 1 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், அத்துடன் பெல்ட்டால் இணைக்கப்பட்ட சிறு மின்பொறியும் உள்ளன. கார் வேகம் குறையும்போது இம்மின்பொறி ஜெனரேட்டராக வேலை செய்து 12 வோல்ட் லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றுகிறது. வேகம் எடுக்கும்போது அதுவே மோட்டாராகி எஞ்சினுக்குக் கைகொடுக்கிறது. மின்சாரத்தால் மட்டும் இக்கார் ஓடாது. எனவே இத்தகைய கார்களை 'மைல்டு ஹைபிரிட்', அதாவது மிதமான கலப்பு வண்டி என்கிறார்கள்.

நகராத கார்

சோதனைக் கூடத்தில் காரின் சக்கரங்கள் பெரிய உருளைகளின்மேல் நிற்கும். சக்கரம் சுழல, உருளையும் சுழலும். கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையில் காற்றும் டயர் உராய்வும் தரும் எதிர்ப்பை, உருளையுடன் இணைந்த மின்பொறி தருகிறது. அந்த எதிர்ப்பு எவ்வளவு என்பதை எப்படி அறிவது? காரை முன்னதாகவே சமதளப் பாதையில் விரைவாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, வேகம் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிட்டு வைத்திருப்பார்கள். நியூட்டனின் இரண்டாம் விதிதான் இங்கே உதவுகிறது.

ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த சோதனையில், கார் 1,800 நொடிகளில் சுமார் 23 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்த நொடியில் எந்த வேகம் என்பது முன்பே வகுக்கப்பட்டது. உச்ச வேகம் மணிக்கு 131 கி.மீ. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே சோதனை தொடங்கும். புகைக் குழாயில் உள்ள வினையூக்கி சூடேறிய பின்புதான் நச்சு வாயுக்களை மாற்றும் வேலையைச் சரிவரச் செய்யும். ஆகவே முதல் ஓரிரு நிமிடப் புகைதான் மிகவும் மோசமானது. அதை விட்டுவிட்டு அளந்தால் காருக்கு நல்ல பெயர் எளிதில் கிடைத்துவிடும்!

கரி காட்டும் கணக்கு

வெளிவரும் புகையைத் தூய காற்றுடன் கலந்து, அதில் ஒரு சிறு பங்கைப் பைகளில் பிடிக்கிறார்கள். கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இயல்புடையது. பையிலுள்ள வாயுவின் ஊடே அக்கதிரைச் செலுத்தி, எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும்.

இனி உங்கள் வேதியியல் பாடத்தை நினைவுகூருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 630 கிராம் கரி இருக்கிறது. 12 கிராம் கரி எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு கிடைக்கும். எனவே ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 2,300 கிராம் கரியமில வாயுவைத் தரும். முக்கால் கிலோ பெட்ரோல் இரண்டு கிலோவுக்கு மேல் வாயு தருவது எப்படி? மீதி எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். ஒரு கார் கிலோமீட்டருக்கு 115 கிராம் வெளியிட்டால், 2,300 ÷ 115 = 20. அதாவது லிட்டருக்கு 20 கிலோமீட்டர்.

மின்கலம் தரும் கடன்

மைல்டு ஹைபிரிட் எவ்வளவு மிச்சப்படுத்தும்? ஓட்டுநருடன் 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 96,000 ஜூல். நம் காரின் ஜெனரேட்டர் உச்ச அளவாக நொடிக்கு 3,600 ஜூல் பெற்றுத்தரும். 10 நொடியில் கார் நின்றால் மிஞ்சிப்போனால் 36,000 ஜூல் திரும்பக் கிடைக்கும். எஞ்சியது பிரேக்கிலும் டயரிலும் காற்றிலும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3.2 கோடி ஜூல் உண்டு. ஆதாயம் உண்மைதான்; ஆனால் சிறியது.

சிறிய ஆதாயத்தை அளக்கும்போதுதான் பிழை எளிதில் புகும். இக்காரின் மின்கலம் 11 ஆம்பியர்-மணி கொள்ளும். அதாவது சுமார் 4.75 லட்சம் ஜூல். எஞ்சினை ஓட்டி இதை நிரப்ப வேண்டுமானால், ஐந்தில் ஒரு பங்கே பயனாகும் என்று கொண்டால், 70 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் தேவை. 23 கி.மீ. ஓட்டத்துக்கு ஆகும் பெட்ரோல் சுமார் 1,150 மில்லிலிட்டர். எனவே நிறைந்த மின்கலத்துடன் தொடங்கி, வெறும் மின்கலத்துடன் முடித்தால், சுமார் 6 சதவீதச் செலவு கணக்கிலிருந்து மறைந்துவிடும்! மின்கலம் கொடுத்தது கடன். அதை அடைக்க வேண்டியது பெட்ரோலே. ஆகையால் சோதனையின்போது மின்கலத்தில் புகும் மின்னோட்டத்தையும் வெளிவரும் மின்னோட்டத்தையும் அளந்து விடையைத் திருத்துகிறார்கள்.

கூடமும் சாலையும்

வேக அட்டவணையும் விடையை மாற்றும். ஐரோப்பாவின் பழைய சோதனையில் ஏறக்குறைய கால் பங்கு நேரம் கார் நின்றுகொண்டே இருந்தது. புதியதில் எட்டில் ஒரு பங்குதான். நிற்கும்போது எஞ்சினை அணைக்கும் காருக்குப் பழைய சோதனை தாராளமாக மதிப்பெண் போட்டது.

ஏமாற்றும் நடந்தது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள், தாம் சோதிக்கப்படுவதை மென்பொருளால் உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தியது 2015-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. சாலையில் அவை வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடுகள் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை இருந்தன. இவை நுரையீரலைத் தாக்கும் வாயுக்கள். 2017 முதல் ஐரோப்பாவில் அளவுக் கருவியைக் காரிலேயே பொருத்திச் சாலையிலும் சோதிக்கிறார்கள். 2021 முதல் அங்கு விற்கப்படும் புதிய பெட்ரோல், டீசல் கார்களில் எரிபொருள் செலவைப் பதியும் ஏற்பாடும் உண்டு. அப்பதிவுகளை ஆராய்ந்து 2024-இல் வந்த அறிக்கையின்படி, சாலையில் ஆகும் செலவு சோதனை எண்ணைவிடச் சராசரியாக 20 சதவீதம் அளவுக்கு அதிகம்.

விளம்பரத்தில் "லிட்டருக்கு 20 கி.மீ." என்று கண்டால், நீங்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். எந்த வேக அட்டவணைப்படி ஓட்டினார்கள்? எஞ்சின் குளிர்ந்திருந்ததா? மின்கலம் தொடக்கத்தில் இருந்த நிலையிலேயே முடிவிலும் இருந்ததா?