ஒரே பெயர், இரண்டு உயிர்கள்

கல்முனைப் பகுதியின் ஒரு வகுப்பறையில் "றிஸ்வான்" என்று ஆசிரியர் அழைத்தால், இருவர் மூவர் ஒருங்கே எழுந்து நிற்றல் கூடும். தந்தையின் பெயரையும் சேர்த்து அழைத்த பின்னரே உரியவர் யாரென்பது விளங்கும். இத்தகைய மயக்கம் விஞ்ஞானப் பெயர்களில் நேராது என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று.

ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி பெயர்கள் வேறுபடுவதால் விளையும் குழப்பத்தை நீக்குவது இரு சொற்களாலான இலத்தீன் பெயர் முறையாகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் தாவரங்களுக்கு 1753ஆம் ஆண்டிலும், விலங்குகளுக்கு 1758ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்களே இதற்கு அடிப்படை. முதற்சொல் சாதியையும், இரண்டாவது சொல் இனத்தையும் சுட்டும். ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் 'ஃபைகஸ்' என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை.

ஆனால், கடலிலும் ஒரு 'ஃபைகஸ்' உண்டு. அது மரமன்று, வெப்பக் கடல்களின் மணற்றரையில் வாழும் நத்தை. அதன் ஓடு அத்திப்பழம் போன்ற வடிவினது. 'ஃபைகஸ்' என்பதோ அத்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல். 1798இல் ரோடிங் என்பார் இச்சாதி நத்தையொன்றுக்கு 'ஃபைகஸ் வேரியகாட்டா' எனப் பெயரிட்டார். 1825இல் புளூம் என்னும் தாவரவியலாளர் ஓர் அத்தியினத்திற்கும் அதே பெயரைச் சூட்டினார். எழுத்துப் பிசகாத அவ்விரு பெயர்களும் இன்றும் வழக்கில் உள்ளன.

இஃது எங்ஙனம் இயலும்? விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகள் வேறு, தாவரங்களுக்குரியவை வேறு. விலங்குகளுள் இரு சாதிகள் ஒரே பெயரைக் கொள்ளலாகாது, தாவரங்களுள்ளும் அவ்வாறே. ஒரு விலங்கும் ஒரு தாவரமும் ஒரே பெயரைக் கொள்வதற்கோ தடையில்லை. குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியிலிருந்து இலங்கைக் கரைகளுக்கு வந்து, கற்களைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளானின் சாதிப்பெயர் 'அரினேரியா'. குளிர்நாடுகளில் வளரும் வெண்பூச் செடிகள் சிலவற்றின் சாதிப்பெயரும் அதுவே. மணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றே இரண்டும் பிறந்தன.

கணினியில் பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவனுக்கு மரத்தின் செய்தியும் நத்தையின் செய்தியும் கலந்தே கிடைக்கலாம். அதனைப் பிரித்தறியாது எழுதினால், விடை பிழையாகும். எனவே, இலத்தீன் பெயரோடு அதனை இட்டவர் பெயரையும், அவ்வுயிர் விலங்கா தாவரமா என்பதையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். வகுப்பில் றிஸ்வானுக்குத் தந்தையின் பெயர் எதுவோ, விஞ்ஞானப் பெயருக்கு அதனை இட்டவரின் பெயரும் அதுவே.